எந்தக் கையில் எந்தக் கருவி? – காணைப் பக்கம் நடுவராக இருந்த ஒரு நாள்

1

காணைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த வட்டார அளவிலான கலைத் திருவிழாவுக்கு நடுவராகப் போயிருந்தேன். ‘இசை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்’ என்று நண்பர் கேட்டார். நானும் மறுக்கவில்லை. இசை பற்றி இரண்டு மூன்று கட்டுரை எழுதியவனை இசை தெரிந்தவன் என்று நம்பிவிடுகிற பழக்கம் நம் சூழலில் உண்டு. அந்த நம்பிக்கைக்கான விலையை அன்றைக்கு ஒரு பையன் கொடுத்தான்.

எட்டாம் வகுப்புப் பையன். வாய்ப்பாட்டுப் போட்டி. அவனுக்கு முன்னால் பாடியவர்களில் பாதிப்பேர் செல்போனில் கரோக்கி ஓடவிட்டு சினிமாப் பாட்டுப் பாடினார்கள். இரண்டு பேர் காசு கட்டிப் பாட்டு வகுப்புக்குப் போகிறவர்கள் என்பது முதல் வரியிலேயே தெரிந்துபோயிற்று. இவன் வந்தான். சுருதிப்பெட்டி வேண்டாம் என்று தலையாட்டினான். ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு பாரதக் கூத்திலிருந்து ஒரு விருத்தத்தை எடுத்தான். எடுத்த எடுப்பே உச்சம். சத்துணவுக்கூடத்துப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்தில் இருந்த நடுவர் என் காதில் சொன்னார்: ‘கத்தறான் சார். சுருதி எங்க நிக்குது?’ என் கையில் இருந்த தாளில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது – சுருதி, தாளம், உச்சரிப்பு, பாவம். சுருதிக் கட்டத்தில் நான் குறைத்துப் போட்டேன். உச்சரிப்பிலும் குறைத்தேன். பையனுக்கு மூன்றாம் இடம்கூட இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கூப்பிட்டு, ‘யாருப்பா சொல்லிக் குடுத்தது?’ என்றேன். ‘எங்க தாத்தா சார். கூத்து வாத்தியாரு. மைக்கு இல்லாத காலத்துல கடைசில குந்திக்கினு இருக்கறவனுக்கும் கேக்கணும்ல, அதுக்கோசரம் இப்பிடித்தான் எடுக்கணும்னு சொல்வாரு.’

அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் பாடியது ஒரு பள்ளியின் – அதாவது ஒரு பாணியின், ஒரு பயிற்சியின் – பாட்டு. நான் மதிப்பெண் போட்டது இன்னொரு பள்ளியின் தாளை வைத்துக்கொண்டு. இதை வெறும் தனிப்பட்ட குற்ற உணர்ச்சியாக எழுதித் தீர்த்துவிட எனக்கு விருப்பமில்லை. அந்தத் தாளை என் கையில் கொடுத்தது எது என்பதுதான் பேசவேண்டியது.

2

சுருதி இயற்கையிலேயே கிடக்கிற பொருள் அல்ல. அது ஒரு ஏற்பாடு. சபாவின் நாலு சுவருக்குள், ஒலிபெருக்கிக்கு முன்னால், உட்கார்ந்து பாடுகிறவருக்குத் தம்புரா ஒரு ஏற்பாடு. கூத்தில் வேறு ஏற்பாடு. திறந்தவெளி. இரவு பத்து மணிக்குக் களரி கட்டினால் விடிகிறவரை. காலில் சலங்கை, தோளில் புஜக்கட்டை, தலையில் கிரீடம், இத்தனை பாரத்தோடு சுற்றிச்சுற்றி ஆடிக்கொண்டே பாட வேண்டும். ஆர்மோனியக்காரர் கட்டையைப் பிடித்துக் கொடுக்கிறார். முகவீணை குரலோடு ஒட்டியும் விலகியும் ஓடுகிறது. நடிகர் ஒரு அடியைப் பாடி விட்டதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் அவருக்கு மூச்சு. அடுத்த அடியை அவர் பின்பாட்டின் முதுகில் ஏறி எடுக்கிறார். எனவே கூத்துப்பாட்டு தனியாள் பாட்டு அல்ல. அது குழுவின் பாட்டு.

அந்தப் பையனை ஆர்மோனியம் இல்லாமல், முகவீணை இல்லாமல், பின்பாட்டு இல்லாமல், ‘தனிநபர்’ என்ற தலைப்பின் கீழ் நிறுத்தி ஐந்து நிமிடம் கொடுத்தோம். பாதிப் பாட்டை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு மீதிப் பாதிக்குச் சுருதி சேரவில்லை என்றோம். போட்டியின் வடிவமே ஒரு மதிப்பீடு. நடுவர் வாய் திறப்பதற்கு முன்பே அது பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியு கல்விக்கூடம் பற்றிச் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் தான் கற்றுக்கொடுக்காத ஒன்றை எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிறது. வீட்டிலிருந்து அதைக் கொண்டுவருகிறவன் திறமைசாலி ஆகிறான். கொண்டுவராதவன் மக்கு ஆகிறான். நம் ஊர்க் கதையில் இன்னொரு முடிச்சு கூடுதலாக விழுகிறது. இந்தப் பையனும் வீட்டிலிருந்து கொண்டுவந்தான். பல வருஷத்துப் பயிற்சியைக் கொண்டுவந்தான். ஆனால் அது செல்லாத காசு.

3

தமிழக அரசு 2022–23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நாலு படி. மேலே போய் வெல்கிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். இதை ஒரேயடியாக ஏளனம் செய்கிற தோழர்களோடு நான் உடன்படவில்லை. மைக்கைத் தொட்டே பார்த்திராத பிள்ளைகள் மைக்கைப் பிடித்தார்கள். ‘எங்க பாப்பா பேரச் சொல்லிக் கூப்ட்டாங்க’ என்று நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற தாய்மார்களை நான் பார்த்தேன். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மேடை கொடுத்த அரசு ஆசிரியரைக் கொடுத்ததா? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலைக்கல்விக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் ‘பகுதிநேர’ப் பயிற்றுநர். கணக்குக்கு முழுநேரம், பாட்டுக்குப் பகுதிநேரம் என்பதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள். உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், தோட்டக்கலை, கட்டிடக்கலை என்று நீண்ட வரிசையில் இசையும் ஒரு மூலையில் நின்றது. பலகட்டப் போராட்டங்களுக்குப் பிறகு 2023 அக்டோபரில்தான் அந்த ஊதியத்தை 12,500 ரூபாய் ஆக்குவதாக அறிவித்தார்கள். நிரந்தரப் பணியில் வரும் சிறப்பாசிரியர்களுக்காக 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,300க்கு மேற்பட்ட இடங்களை அறிவித்தது. அதில் இசைக்கு ஒதுக்கியவை 86. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மட்டுமே 6,000க்கு மேல் இருக்கிற மாநிலத்தில் 86.

பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காக எழுதப்பட்ட இசை, நடன, நாடகக் குழு அறிக்கை சொல்லியிருந்தது. அந்த அறிக்கை இப்போது எந்த அலமாரியில் தூங்குகிறதோ!

ஆகவே நடப்பது என்ன? வருஷம் முழுக்க இசை வகுப்பு இல்லை. கால அட்டவணையில் இருந்தாலும் அந்த நேரத்தைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது தமிழாசிரியரோ பி.டி. வாத்தியாரோ யூடியூபைத் திறந்து வைத்து, ‘இதப் பாத்துக் கத்துக்குங்கடா’ என்கிறார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். அவர் சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு உடை வாடகை கட்டியவர். கற்பித்தல் இல்லாத இடத்தில் போட்டி மட்டும் வைத்தால் அது ஏற்கெனவே இருக்கிற ஏற்றத்தாழ்வைக் கணக்கெடுக்கிற வேலையைத்தான் செய்யும். பட்டம் கொடுத்து அந்தக் கணக்கைச் சரி என்று ஆக்கியும் விடும்.

4

‘விழுப்புரத்தில்தான் அரசு இசைப் பள்ளி இருக்கிறதே?’ என்று கேட்கலாம். இருக்கிறது. மாநிலத்தில் 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகள். அதில் ஒன்று விழுப்புரத்தில். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பிரிவு, மூன்று வருஷப் படிப்பு. குறைந்த கட்டணத்தில் அரசு நடத்துகிற பள்ளி. அங்கே படித்து முன்னுக்கு வந்த ஏழைப் பிள்ளைகள் உண்டு. அதைக் காப்பாற்ற வேண்டும். இருந்தும் அந்த ஏழு பிரிவின் பட்டியலை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். விழுப்புரத்தைச் சுற்றி ஊருக்கு ஊர் இருக்கிற கூத்து அதில் இல்லை. பம்பை இல்லை. பறை இல்லை. அண்மை ஆண்டுகளில் நாட்டுப்புறக் கலைகளுக்கென்று பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள், நல்லதுதான். ஆனால் அதுவும் பகுதிநேரம்! ஒன்றுக்கு மூன்று வருஷம், முழுநேரம். மற்றதற்கு வாரக்கடைசியில் சாயங்காலம். எது சாஸ்திரம், எது பொழுதுபோக்கு என்பதை யாரும் பிரகடனம் செய்யத் தேவையில்லை. கடிகாரம் செய்துவிடுகிறது.

இது இன்று நேற்று வந்ததும் அல்ல. காணையும் சிதம்பரமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1929இல், அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம். தெலுங்குக் கீர்த்தனையின் மேலாண்மையை எதிர்த்த பெரும் இயக்கம் அது. அதன் நியாயத்தை நான் கேள்வி கேட்கவில்லை. தமிழில் பாடினால் மட்டும் போதுமா, என்ன பாடுகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா என்று பெரியார் அப்போதே கேட்டார். நாம் மூன்றாவது கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: யார் பாடுகிறார்கள், எந்தக் கருவியோடு? அதே மாவட்டத்தில் விடிய விடியத் தமிழிலேயே பாடிக்கொண்டிருந்த கூத்துக்காரரைத் தமிழிசையின் மேடை தன் ஆள் என்று அடையாளம் காணவில்லை. மொழிக்கு இடம் கிடைத்தது. மேளத்துக்கும் குரலுக்கும் கிடைக்கவில்லை.

நம் சிறுபத்திரிகைப் பக்கமும் இதில் சுத்தம் இல்லை. 1977இல் தொடங்கிய ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் போய்க் கற்றது. அதிலிருந்து நவீன நாடகத்துக்குப் பெரிய பலம் கிடைத்தது. நாமும் பக்கம் பக்கமாக எழுதினோம். தெருக்கூத்து என்பதா கட்டைக்கூத்து என்பதா என்று பெயருக்குச் சண்டை போட்டோம். 2025இல் தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பறைக்காக வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆகக் கூத்து சென்னைக்குப் போயிற்று, டெல்லிக்குப் போயிற்று, வெளிநாட்டுக்கும் போயிற்று. காணை ஒன்றியத்துப் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்புக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

5

‘சரிதான், நாட்டார் கலையைப் பள்ளிக்குள் கொண்டுவா என்கிறீர், அவ்வளவுதானே?’ என்று நண்பர்கள் கட்டுரையை மூடிவிடக் கூடாது. அன்றைய நாளில் எனக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது.

அதே வளாகத்தில் ஒரு பையன் பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். சுத்தமான கை. அழைத்து வந்த ஆசிரியர் பெருமையாகச் சொன்னார்: ‘காலனிப் பையன் சார். அவங்க அப்பாவே மேளம் அடிக்கறவரு. பறைக்குப் பேர் குடுத்திருக்கோம்.’ பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஆசிரியர் நகர்ந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: ‘எனக்கு மிருதங்கம் கத்துக்கணும் சார்.’

இந்த இடத்தில் என் நாட்டார் கலைப் பற்று எல்லாம் வாயடைத்துப் போயிற்று. பறையைக் குறித்துத் தலித் இயக்கங்களுக்குள் நடந்த விவாதம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்டது ஒரு கலகம். அதையே கையில் எடுத்து மேடையில் அதிரவைத்தது இன்னொரு கலகம். கே.ஏ. குணசேகரன் தன்னானே கலைக்குழுவோடு பாடியதும், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை எடுத்ததும் இந்த இரண்டாவது வகை. இரண்டையும் கலகம் ஆக்கியது ஒன்றுதான்: அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் அவர்களே. இங்கே நடந்தது அது இல்லை. பையனின் தெருவைக் கேட்டுவிட்டு அவன் கையில் கருவியைக் கொடுத்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். அந்த நல்லெண்ணம் குலத்தொழிலுக்குச் சான்றிதழ் போட்டுக் கொடுக்கிறது.

மிருதங்கத்தைக் கேட்கிற அந்தப் பையனிடம் ‘அது மேல்தட்டுக் கருவிடா, உனக்கு எதுக்கு?’ என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி வார் இழுக்கிற தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். செய்கிற கை ஒன்று, வாசிக்கிற கை ஒன்று. கூத்தில் வாசிப்பதும் மிருதங்கம்தானே! அங்கே அது நாட்டார் கருவி, சபாவில் அது சாஸ்திரியக் கருவி. தோல் ஒன்றுதான்.

பிறகு ஒருநாள் அந்தக் கூத்து வாத்தியார் தாத்தாவைப் போய்ப் பார்த்தேன். மனிதர் வாயைத் திறந்தால் பாரதம் கொட்டுகிறது. ‘பள்ளிக்கூடத்துல கூப்ட்டா வருவீங்களாய்யா?’ என்றேன். ‘ஏன், வரன். காசு குடுக்கலன்னாலும் வரன்’ என்றார். ‘காலனிப் பிள்ளைகளும் இருப்பாங்க’ என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘அவங்களுக்குன்னு அவங்க ஜமா தனியா இருக்குதே’ என்றார்.

பாரதக் கூத்து நடப்பது திரௌபதி அம்மன் கோயில் வாசலில். இந்த மாவட்டத்திலேயே மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போகக் கூடாது என்று எழுந்த தகராறில் 2023 ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நீதிமன்றம் தலையிட்டு, 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடு அவர்கள் உள்ளே போனார்கள். கோயில் வாசலை மேடையாகக் கொண்ட ஒரு கலை அந்த வாசலின் சட்டத்தையும் சேர்த்தே சுமக்கும். கூத்தைக் ‘மக்கள் கலை’ என்று சொல்லும்போது எந்த மக்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது.

6

இதனால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிடத் தயாராக இல்லை. பள்ளி ஒரு கருத்தியல் அரசு எந்திரம் என்று அல்தூசரைப் படித்தவர்கள் சொல்வோம். உண்மைதான். ஆனாலும் காணை ஒன்றியத்தில் ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தாளத்தைப் போடக்கூடிய இடம் வேறு எது? ஜமா சாதியாகப் பிரிந்து கிடக்கிறது. தனியார் பாட்டு வகுப்பு காசு கேட்கிறது. இசைப் பள்ளி நகரத்தில் இருக்கிறது. அரசுப் பள்ளி ஒன்றுதான் மிச்சம்.

ஹங்கேரியில் கோடாய் என்ற இசைஞர் 1905 முதல் பார்டோக்கோடு சேர்ந்து ஊர் ஊராக நாட்டுப்பாடல் சேகரித்தார். பிள்ளையின் இசைத் தாய்மொழி நாட்டுப்பாடல்தான், பள்ளிக்கூடம் அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்றார். அந்த வழியில் 1950இல் கெச்கெமெட் என்ற ஊரில் தினமும் பாடுகிற ஒரு தொடக்கப்பள்ளி உருவானது. நாம் கற்க வேண்டிய பாடம் இது. ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே நாட்டுப்பாடலுக்குத் தேசத்தின் பெயர் வைத்தார்கள். இங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தெருப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பக்கத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னெ டி புருயினும் 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிக் கூத்தும் படித்தார்கள், பள்ளிப் பாடமும் படித்தார்கள். பெண் பிள்ளைகள் வேஷம் கட்டினார்கள். ஆண்களின் கூத்து என்று சொல்லப்பட்டதில் அது பெரிய உடைப்பு. 2020இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. தனி முயற்சிகளின் ஆயுள் அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் அவர்கள் செய்து காட்டியதை ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியிலாவது அரசு எடுத்துச் செய்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒன்று, ஒன்றியத்துக்கு இரண்டு கூத்து ஆசிரியர், ஒரு தோல்கருவி ஆசிரியர். சான்றிதழ் கேட்காமல், ஆனால் மற்ற ஆசிரியருக்குக் கொடுக்கிற மரியாதையோடும் சம்பளத்தோடும். நாட்டுப்புறப் பயிற்சி வகுப்புக்குக் கலைஞர்களையே வைத்துச் சொல்லித்தர முடியும் என்றால் பள்ளியிலும் முடியும். இரண்டு, கருவியைத் தெருவைப் பார்த்துக் கொடுக்காதே. பறையை எல்லாப் பிள்ளையும் தொடட்டும். மிருதங்கத்தையும் எல்லாப் பிள்ளையும் தொடட்டும். ஒரு வருஷம் கழித்து எது வேண்டும் என்று பிள்ளை சொல்லட்டும். மூன்று, போட்டித் தாளில் இருந்து ‘தனிநபர்’ என்ற ஒற்றைக் கட்டத்தை எடு. பின்பாட்டோடு பாட விடு. நாலு, மதிப்பெண் போட ஒரு கூத்து வாத்தியாரையும் உட்கார வை. ‘அவங்க ஜமா தனியா இருக்குதே’ என்று சொன்ன அந்தத் தாத்தாவையே உட்கார வை. தன் பேரன் வயசுக் காலனிப் பையன் பாடுவதற்கு அவர் மார்க் போடட்டும். அவரும் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது, என்னைப் போல.

போன மாதம் காணை பஸ் ஸ்டாப்பில் அந்தப் பையனைப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு. ‘பாடறியாடா?’ என்றேன். பதில் சொல்லும்போதே குரல் இரண்டாகப் பிளந்தது. ‘எடுக்க வரல சார். தாத்தா இன்னும் மேல எடுக்கச் சொல்றாரு. தொண்ட வலிக்குது.’ குரல் உடைகிற வயசு. இந்த நேரத்தில் உச்சத்தை விட்டுவிட்டுக் கீழ்க்கட்டையில் மெதுவாகப் பாடு, கொஞ்ச நாள் பொறு என்று சொல்லித்தர ஒரு ஆசிரியர் வேண்டும். அவன் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒருத்தர் இல்லை. எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். எனக்கு எவ்வளவு தெரியும் என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.